ஒட்டி நின்று ஆடுபவருக்கு

ஜூன் 6, வெள்ளி

வெக்கை. எண்ணூர்க் காற்று. ஜன்னல் கம்பியில் மறுபடியும் கரி; காலையில்தான் துடைத்தது.

செய்ய வேண்டியவை: பி.பி. மாத்திரை. காஸ் புக் செய்ய. கோப்பையைப் புளி போட்டுத் தேய்க்க.

கோப்பை அலமாரியை விட்டு வெளியே வந்து மூன்று வருடம். என் வீட்டுக்காரர் போன பிறகு, அவர் ஆடிய குத்துச்சண்டைச் சங்கத்தில் அவர் பெயரில் நான் வைத்தது. அடியில் பொறித்திருப்பது: 'ஒட்டி நின்று ஆடுபவருக்கு.' ஜெயித்தவனுக்கு அல்ல. யாருக்கு என்பது என் முடிவு. மூன்று வருடமாக ஒருவனும் ஒட்டி ஆடவில்லை, கொடுக்கவில்லை. சங்கச் செயலாளருக்கு வருத்தம். இருக்கட்டும்.

இப்போது எல்லாரும் எட்டத்தில் நின்று குதிக்கிறார்கள். தொட்டுவிட்டு ஓட்டம். தொட்டதற்குப் புள்ளி. நெருங்கினால் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவருக்காகக் காத்திருப்பு. அவர் காலத்தில் நெருங்கிய பிறகுதான் ஆட்டமே. எதிராளியின் தோளில் நெற்றியை முட்டுக் கொடுத்து, விலாவில் இரண்டு, தாடைக்குக் கீழிருந்து ஒன்று. ஒரு முழ இடம் போதும். துறைமுக ஷெட்டில் லாரி டயரைப் படுக்கப் போட்டு, ஆளுக்கு ஒரு காலை உள்ளே வைத்துப் பழகுவார்கள். காலை எடுத்தவன் தோற்றவன். அவர் எடுத்து நான் பார்த்ததில்லை.

நாளை இறுதிப் போட்டி. சதீஷ் என்று ஒருவன், மாதவரத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன், குள்ளம். மீன்காரி தேசம்மாளுக்கு உறவாம்.

"சும்மா உள்ள பூந்து பூந்து அடிக்கிறான் டீச்சரம்மா. கப்ப தேச்சி வெய்யி."

'வெய்யுங்க' வராது அவளுக்கு. நாற்பது வருடமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று.

நடுவர்: என் மகன் லியோ.

ஜூன் 7, சனி

டோல்கேட்டில் அரை மணி நேரம் நெரிசல். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் ஆட்டம். நேராகத்தான் உட்கார்ந்தேன், கான்வென்ட் சிஸ்டர்கள் அடித்துச் சொல்லிக் கொடுத்த முதுகு. கோப்பை மடியில், துண்டில் சுற்றி.

எதிராளி பெரம்பூர்க்காரன். பனைமர உயரம்.

சதீஷ் இரண்டு அடி வாங்கிக்கொண்டு உள்ளே போனான். நெற்றி தோளில். அப்படியே அவர். விலாவில் ஒன்று விழுந்த சத்தம் என் நாற்காலி வரை. அடுத்தது விழுமுன் லியோ: "பிரேக்!" நடுவில் கையை நுழைத்துப் பிரித்தான். கட்டிப்பிடி எதுவும் இல்லை. சதீஷின் கை ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி உள்ளே. "பிரேக்!" எண்ணினேன். மூன்று ரவுண்டில் பதினான்கு.

பின்வரிசையில் இருவர்:

"இன்னா மாமு, ரெஃப்ரி சும்மா சும்மா பிரிச்சிகினே கீறான்?"

"அடி பட்றக் கூடாதாம் நைனா."

"அப்ப கேரம் போர்டு ஆடச் சொல்லேன்."

சதீஷ் தோற்றான். செயலாளர் குனிந்து, "இந்த வருஷமும் இல்லையா, டீச்சர்?" கோப்பை துண்டோடு திரும்பி வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டாம் பூசை. பிரசங்கம் நீளம், விஷயம் இல்லை.

லியோ வந்தான், மட்டனோடு. சமாதானத்துக்கு வரும்போதெல்லாம் மட்டன்.

"உங்கப்பா பேர்ல இருக்கற கோப்பை. அவனை ஒரு தடவையாவது ஆட விட்டியா?"

"ரூல்ஸ்படிதாம்மா பிரிச்சேன்."

"கை ஓடிட்டிருந்தா பிரிக்கக் கூடாது. எனக்கே ரூல்ஸ் சொல்லாதே."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"உள்ள போணும்னா நாலு வாங்கிட்டுத்தான் போணும். மண்டையில. அப்பாவுக்குக் கடைசில என் பேரே தெரியல. நீ பாட்டுக்குக் கப்பு குடுத்துடுவம்மா. அறுபது வயசுல அவனுக்குச் சட்டை பட்டன் போட்டுவிட யாரு வருவா?"

பட்டன் போட்டுவிட்டது நான். ஆறு வருடம். எனக்குச் சொல்கிறான்.

சாப்பிடாமல் போனான். நானும் நிறுத்தவில்லை. மட்டன் ஃபிரிட்ஜில். வெங்காயம் உரித்தது உரித்தபடி.

ஜூன் 10, செவ்வாய்

காஸ் வந்தது. பி.பி. 160.

தேசம்மாள் சதீஷைக் கூட்டி வந்தாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"கப்பு எனக்குத்தான்னு சொன்னாங்கம்மா."

"ஒட்டி ஆடினாத்தான். நீ ஆடலையே."

"ஆட வுட்டாத்தானம்மா?"

தேசம்மாள்: "அத்த உன் புள்ளையாண்ட கேளு."

காபி கொடுத்தேன். தலை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லம்மா."

அவரும் இதையேதான் சொன்னார், வருடக்கணக்காக. கோப்பையை எடுக்காமலே அனுப்பிவிட்டேன்.

மாலை 6. மின்வெட்டு. விசிறி மட்டை காணோம்.

கடைசி மாதங்களில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்தினால், நெற்றியை என் தோளில் முட்டுக் கொடுத்து நின்றுவிடுவார். வலது முஷ்டி என் விலாவைத் தேடும். வலிக்காது. என்னை யாரென்று நினைத்தாரோ. ஆனால் கால் ஊன்றியிருக்கும், டயருக்குள் வைத்ததுபோல. அடுப்பில் சோறு குழைகிறதே என்று இரண்டு கையாலும் விலக்கி உட்கார வைப்பேன். ஒவ்வொரு முறையும். லியோ வாசலில் நின்று பார்த்திருக்கிறான்.

மூன்று நிமிஷம். ஒரு ரவுண்டு நான் விலக்காமல் நின்றிருக்கலாம்.

நாளை: விசிறி மட்டை. மாத்திரை. கோப்பை தேசம்மாளிடம், சதீஷுக்கு. மட்டனும் அவளே எடுத்துப் போகட்டும்.