41.6 கிலோ பலாப்பழம் கடைசி இடம் பெற்றது குறித்து

அனுப்புநர்
இ. ஆரோக்கிய ராணி,
க/பெ. இருதயசாமி,
மேற்குத் தெரு, செம்மண்மேடு,
அண்ணாகிராமம் ஒன்றியம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: பலாப்பழ எடைப் போட்டி – என் பழத்தின் எடையைக் கணினி எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொண்டது – முடிவைத் திருத்தி, மரம் வெட்டப்படுவதைத் தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எனக்கு வழங்கப்பட்ட பங்கேற்புச் சான்றிதழ், நாள் 13.06.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த சனிக்கிழமை கடலூரில் முக்கனித் திருவிழாக் குழுவினர் நடத்திய எடைப் போட்டிக்கு எங்கள் மரத்துப் பழம் ஒன்றைக் கொண்டு வந்தேன். இரண்டு பேர் தூக்கித் தராசில் வைத்தார்கள். 41.6 என்று காட்டியது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, 33.2 கிலோ பழத்துக்கு முதல் பரிசு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வந்திருந்த இருபத்தேழு பழங்களில் என்னுடையதற்கு இருபத்தேழாவது இடம். இருபத்தாறாவதாக வந்த பழம் ஆறு கிலோ. அதை ஒரு அம்மாள் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஆறுதலாக ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள்.

2. சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணினி வேலை பார்க்கும் என் மகள் மேரி ஷாலினி, குழுவின் கணினிப் பணியாளர் திரு. அறிவுமதியிடம் அட்டவணையை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தாள். மற்ற இருபத்தாறு எடைகளும் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றன. என்னுடையது மட்டும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. எண்ணுக்குப் பின்னால் "கிலோ" என்று சேர்த்துத் தட்டியிருந்ததால், கணினி அதை எண் என்று ஒப்புக்கொள்ளாமல் பெயர், ஊர் போல எழுத்தாக வைத்துக்கொண்டதாம். இடம் கணக்கிடும் சூத்திரம் எழுத்தைக் கணக்கில் எடுக்காது. ஆகவே என் பெயருக்கு நேரே ஒரு பிழைக்குறியைப் போட்டு அடியில் தள்ளிவிட்டது. அறிவிப்பாளர் அந்தக் குறியைப் பார்த்து, பழத்தில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்துவிட்டார்.

3. மகள் "கிலோ"வை அழித்துப் பார்த்தாள். அப்போதும் பழம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அந்தக் கட்டத்தின் வடிவமைப்பையே 'எழுத்து' என்று மாற்றி வைத்திருந்தார்கள். அதை 'எண்' என்று மாற்றி, 41.6 என்று மறுபடி தட்டியதும் முதல் இடம் வந்தது. "கிலோன்னு தெரியணும்னா செல்லோட ஃபார்மேட்ல குடுக்கணும்மா. நம்பரோட சேத்து அடிக்கக் கூடாது. வெளிய தெரியறது சட்டை மாதிரி, உள்ள இருக்கிறதத்தான் அது கணக்குல எடுக்கும்" என்றாள். எனக்கே புரிந்தது. குழுவினருக்குப் புரியவில்லை.

4. திருத்திய தாளுடன் நேற்று குழுத் தலைவரைப் பார்த்தோம். "முடிவு சொல்லியாச்சும்மா. மறுபடி எடை போடணும்னா பழத்தக் கொண்டாங்க" என்றார். மேடையிலேயே பழத்தை அறுத்துத் தின்றவர்களில் அவரும் ஒருவர். இருந்ததிலேயே பெரியது என்று அதைத்தான் முதலில் அறுத்தார்கள் என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன். எனக்குத் திரும்பி வந்தவை கொட்டைகள் மட்டுமே. சிறப்பு விருந்தினராக வந்திருந்த தாங்களும் மூன்று சுளை சாப்பிட்டு, "நல்லா இனிப்பா இருக்கே" என்றீர்கள். தங்களையே சாட்சியாகச் சேர்க்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

5. முதல் பரிசுக் கோப்பைக்காக நான் வழக்காடவில்லை. வாங்கியவரே வைத்துக்கொள்ளட்டும். அந்த மரம் எங்கள் பொது வரப்பில் நிற்கிறது. என் கணவரின் அண்ணன் திரு. ராஜாமணிக்கும் அதில் பங்கு உண்டு. அவர் அதை ஒரு மர வியாபாரிக்குப் பேசி முடித்துவிட்டார். நான் சண்டை போட்டதில், "மொதப் பரிசு வாங்கட்டும், நானே அதுக்கு வேலி கட்டித் தரேன். இல்லன்னா புதன்கெழம வண்டி வந்துரும், பாத்துக்க" என்று ஊரார் முன்னிலையில் சொன்னார். சொன்ன சொல் மாறாதவர் என்று அவருக்கு ஊரில் நல்ல பெயர். எனக்கு இப்போது அதுதான் வினையாக வந்து நிற்கிறது. என் கணவர் அண்ணன் முன்னால் வாய் திறக்க மாட்டார். எங்களுக்கு வேறு மரங்களும் உண்டு ஐயா. ஆனால் எனக்கு இந்த மரத்தின் மேல்தான் ஆசை. அதை வெட்டிச் சாய்ப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சில் தெம்பில்லை.

6. உண்மையை மறைத்து மனு கொடுக்கக் கூடாது என்று மகள் பிடிவாதம் பிடிப்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. திரு. அறிவுமதி முதலில் வெறும் 41.6 என்றுதான் தட்டினார். "கிலோன்னு போடு தம்பி. மொட்டையா நாப்பத்தொண்ணுன்னு இருந்தா என்னான்னு யாருக்குத் தெரியும்?" என்று பக்கத்தில் நின்று நச்சரித்தவள் நான். "வேணாம்மா" என்று ஒருமுறை சொன்னார். நான் மூன்று முறை சொன்னேன். என் தொல்லை தாங்காமல் கட்டத்தை 'எழுத்து' என்று மாற்றி, கேட்டபடியே தட்டிக் கொடுத்துவிட்டார். அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

7. ஆகவே ஐயா அவர்கள் திருத்திய அட்டவணையைப் பார்வையிட்டு, என் பழத்துக்கு முதல் இடம் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ரம்பத்துடன் ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன் அந்தத் தாள் என் கையில் இருக்க வேண்டும். பேசிக் கெடுத்தது என் வாய். அதற்காக மரம் வெட்டுப்பட வேண்டாம்.

இடம்: கடலூர்
நாள்: 15.06.2026

தங்கள் அலுவலக வாசலில் காத்திருக்கும்,
(ஒப்பம்)
இ. ஆரோக்கிய ராணி