என் உடம்பில் கதிர் இல்லை

பிப்ரவரி 5, புதன்

இன்றும் அதே கேள்வி. கோவை ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த நர்ஸ், "புகையிலை போடுவீங்களாம்மா?" என்றாள். வாழ்நாளில் ஒரு பாக்குத் துண்டு வாயில் போட்டதில்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் அழகுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயப்பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பவர் அவர். புற்று என் நாக்கில். யாரைக் கேட்பது?

டாக்டரம்மா சொன்னார்: கட்டி சின்னதுதான். மயக்கம் கொடுத்து, தாடைக்குக் கீழிருந்து நாக்குக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் செருகுவார்கள். காலையும் மாலையும் மெஷின் அந்தக் குழாய் வழியாக ரேடியேஷன் கதிரை அனுப்பி, திரும்ப இழுத்துக்கொள்ளும். ஐந்து நாள். "நாக்கு வீங்கும், பேச முடியாது. மூக்கு வழியாத்தான் சாப்பாடு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் புண் அதிகமாகும், அப்ப பயந்துராதீங்க." மறைக்காமல் சொன்னார். இவர் ஒருவர் மேல்தான் எனக்குக் கோபம் வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாளை அட்மிஷன். மகள் வர்ஷினி போன் செய்தாள். மாசமாக இருக்கிறாள், இது ஏழாம் மாதம்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுன்னு அத்தை சொல்றாங்க. கதிரு புள்ளைக்கு ஆகாதாம்."

சரி, அங்கே வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு என்று கேட்டேன்.

"புள்ள பொறந்தப்புறம் பாத்துக்கலாங்கிறாங்க."

அவங்க சொல்றாங்க. நீ என்னடி சொன்ன? கேட்காமலே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்றே செருகிவிட்டார்கள். சைகையில் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். பனியன் தைக்கிற ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோத்த மாதிரி தாடையிலிருந்து குழாய்கள். நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை, எச்சில் வழிகிறது. செக்கிங் டேபிளில் நின்று பனியன் கம்பெனி முழுக்கக் கேட்கக் கத்துகிற ஒச்சாயி நான், எனக்குச் சத்தமே இல்லை.

இன்று முதல் தடவை. குழாய்களை மெஷினில் மாட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். கேமராவில் பார்ப்பார்களாம். வலிக்கவில்லை. ஏதோ நகரும் சத்தம், அவ்வளவுதான். தனியாகப் படுத்திருந்தபோது பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

டாக்டரம்மாவிடம் எழுதிக் காட்டினேன்: வீட்டுக்குப் போனதும் மாசமாக இருக்கிற மகள் என் பக்கத்தில் வரலாமா?

"தாராளமா வரலாம். மெஷின் நின்னதும் கதிரும் போச்சு. உங்க உடம்புல எதுவும் தங்காது."

அழகுமலை இதை வர்ஷினியின் மாமியார் பழனாத்தாளுக்குப் போனில் சொன்னார். "டாக்டருங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்றாராம். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பேசிவிட்டு இவர் கீழே போய் வந்தார். வாயில் அதே வாடை. காகிதத்தில் எழுதினேன் — வெளிய போய்யா.

பிப்ரவரி 15, சனி

குழாய்களை உருவிவிட்டார்கள். வலி. ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்தார்கள்.

பிப்ரவரி 26, புதன்

சொன்னபடியே நடக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயெல்லாம் புண். பச்சைத் தண்ணீர் எரிகிறது. இவர் புகையிலையைக் குறைத்திருக்கிறாராம். குறைத்து!

வர்ஷினி வீடியோவில் அழுகிறாள். அழுதா ஆச்சா? அவ வாக்கப்பட்ட அவிநாசி என்ன சீமையிலயா இருக்கு?

மார்ச் 9, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் அவிநாசிக்குப் பஸ் ஏறினேன்.

பழனாத்தாள் வாசலில் நாற்காலியைப் போட்டார். "உக்காருங்க சம்பந்தி." வாசலில்! நான் உட்காரவில்லை. பேசினேன். நாக்கு இன்னும் சரியாக மடங்கவில்லை, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளேயிருந்து வர்ஷினி வந்து என்னை ஒட்டி நின்றாள்.

"கண்ணு, தள்ளி நில்லு" என்றார் பழனாத்தாள்.

அவள் நகரவில்லை. நான் சொல்லச் சொல்ல மாமியாருக்குத் திருப்பிச் சொன்னாள். "அம்மா உடம்புல கதிர் இல்லையாம் அத்தை. தொட்டா ஒண்ணும் ஆகாதாம். வாசல்ல உக்கார வைக்க நான் என்ன நாயான்னு கேக்குறாங்க." நான் திட்டிய கெட்ட வார்த்தையையும் விடவில்லை, அப்படியே சொன்னாள்.

பழனாத்தாளின் முகம் சுருங்கியது. "பயமுங்க சம்பந்தி. போன வருசம் ஒண்ணு கலஞ்சு போச்சுதுங்களே."

எனக்குத் தெரியாதா? அன்றைக்கு இவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

பழனாத்தாளே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே போனோம்.

கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார். எரிந்தது. வர்ஷினி என் தோளில் சாய்ந்துகொண்டாள். குடித்து முடிக்கும்வரை நான் அவளோடு பேசவில்லை. தோளையும் நகர்த்தவில்லை.