குண்டனி நாட்டுக்குப் போகாத செய்தி

செல்விக் கண்ணு,

நீ அனுப்பிய அந்த நீளமான வரியை இன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது.

அன்று நான் சேலத்தில் ஆபீஸ் வேலையில் இருந்தேன். மருத்துவ முகாம் நடக்கும் நாளை மலை வீடுகளுக்கெல்லாம் குறுஞ்செய்தியாக அனுப்ப நீ பைத்தானில் எழுதிய நிரல், நம் மலையின் நாடுகளில் குண்டனி நாட்டு ஊர்களுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது என்று போன் செய்தாய். "உள்ள இருக்கறதெல்லாம் பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பாருக்கா."

பார்த்தேன். நாட்டுக்குள் ஊர், ஊருக்குள் வீடு, வீட்டுக்குள் ஆட்கள் என்று அடுக்கடுக்காக இருந்த அத்தனையும் ஒரே வரியாக ஓடியது. "இதை யாரு படிப்பா? ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வாரேன், அப்பப் பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன். உன் குரல் கம்மியிருந்தது. உடம்புக்கு என்ன என்று நான் ஏன் கேட்கவில்லை?

வெள்ளிக்கிழமை காய்ச்சல் முற்றி உன்னை ஜீப்பில் மலையிலிருந்து கீழே இறக்கினார்கள். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் முடிந்துவிட்டது.

இன்று காலை உன் லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு அடுக்கும் தனி வரியில், உள்ளே தள்ளித் தள்ளி வருமாறு திரையில் பிரிண்ட் போட்டேன். அதற்கு இரண்டே வரிதான் எழுத வேண்டியிருந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம். குண்டனி நாட்டில் நீ கடைசியாகச் சேர்த்த ஊரில், ஒரு வீட்டைச் சுற்றி அடைப்புக்குறி ஒரு ஜோடி கூடுதலாக விழுந்திருந்தது; நிரல் அங்கேதான் நின்றிருக்கிறது. காய்ச்சலோடுதான் அடித்தாயா?

அதை எடுத்துவிட்டு, அடுத்த முகாமின் நாளையும் விசாரிக்க என் எண்ணையும் போட்டு அனுப்பினேன். எல்லா வீட்டுக்கும் போனது. குண்டனி நாட்டிலிருந்து ஒருவர் என் போனுக்குக் கூப்பிட்டார். "செல்வி அம்மிணிங்களா? நம்மூட்டுக்கும் மெசேஜ் வந்துருச்சுங்க." அக்கா பேசுகிறேன் என்றேன். முகாம் நாளை இன்னொரு தடவை சொன்னேன்.

வைப்பதற்குள் அம்மா உன் போனைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். இன்னும் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். "செல்வி போன்ல சத்தம் வந்துச்சு சாமி. யாருன்னு பாரு."

பட்டியலில் நம் வீட்டுக்கு நீ உன் எண்ணைத்தான் கொடுத்திருந்தாய். நான் அனுப்பியதுதான் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? படித்துக் காட்டினேன். 'பிரஷர் மாத்திரை வாங்கறவங்க தவறாம வாங்க' என்று முடிந்திருந்தது.

"இது அவ எழுதுனதா?"

"ஆமாம்மா."

நீ போனதிலிருந்து அம்மா மாத்திரையைத் தொடவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "என்னைக்குன்னு போட்டிருக்கறா?" என்று கேட்டாள்.

உன் எண்ணை மாற்ற வேண்டும். இன்று கை வரவில்லை. முகாமுக்கு அம்மாவை நானே கூட்டிப்போகிறேன், மாத்திரையும் நானே கொடுக்கிறேன். நீ சேர்க்காமல் விட்ட ஊர்களையும் ஒன்றுவிடாமல் சேர்த்துவிடுகிறேன், கண்ணு.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா