நல்லா இருக்கிற வீட்டுக்குக் கொடுத்த சோப்பு

மேடம்,

இன்று காலை அக்காவுக்கு ஒரு புடவை எடுக்க அம்மாவின் பீரோவைத் திறந்தேன். உங்கள் ஆய்வின் வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள். ஓர் ஆராய்ச்சிக்கு வாசனை உண்டென்றால் உங்களுடையதற்குச் சந்தன சோப்பு வாசனைதான். உங்கள் ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் கொடுத்துவிட்டுப் போன சோப்புகள், காகிதம்கூடப் பிரிக்காமல் பட்டுப் புடவைகளுக்கு நடுவே இருந்தன. புடவையை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் இறந்துபோய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இனி என் மெயில்களுக்குப் பதில் வராது. ஆனாலும் எழுதுகிற பழக்கம் விடவில்லை.

தொண்ணூற்று மூன்றில், நான் பிறப்பதற்கு முன்பே, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள். அப்போது நீங்கள் வேலைக்குப் புதிது. இந்தப் பக்கத்தில் மனநோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று தேடக் கிளம்பியிருந்தீர்கள். நோய் வந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களும் வேண்டும். அப்படிச் சேர்த்த குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. நீங்கள் சரியாகத்தான் விளக்கியிருப்பீர்கள். என் அப்பாவும் அம்மாவும் புரிந்துகொண்டது வேறு. ஊரில் இவ்வளவு வீடு இருக்க, டாக்டரம்மா நம் வீட்டைத்தான் 'நல்லா இருக்கிற வீடு' என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்! அது எங்களுக்கு ஒரு பட்டம். சோப்பு அதன் பரிசு. பரிசை யாராவது தேய்த்துக் குளிப்பார்களா?

அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில் வேலை. மூட்டைக்குள் கைவிட்டு நாலு வேர்க்கடலையை உடைத்துப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். அவர் குரல் மண்டி முழுக்கக் கேட்கும். உங்கள் ஆட்கள் வந்துவிட்டுப் போன மறுநாள் இன்னும் சத்தமாகக் கேட்கும்.

"எங்க வூடு இன்னா வூடு தெரியுமா? காலேஜ் டாக்டருங்களே வந்து பாத்து, ஒரு கொறையும் இல்லன்னு எழுதிக்கினு போன வூடு!"

"அப்போ எதுக்கு அந்தோணி திரும்பத் திரும்ப வந்து பாக்கறாங்க? டவுட்டா?" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கலாய்ப்பார்கள். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபத்தோடே சட்டைப் பையில் வறுத்த மல்லாட்டையை நிரப்பிக்கொண்டு வந்து எனக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் கொடுப்பார்.

நான் உங்கள் ரசிகையானது இந்தப் பெருமையால் அல்ல. காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு நெட் சென்டரில் வேலைக்கு உட்கார்ந்திருந்த நாட்களில், ஒரு மத்தியானம் ஏதோ தேடப் போய் நீங்கள் பேசுகிற வீடியோ ஒன்று வந்து நின்றது. ஆடுகிற கேமரா, பாதி கேட்காத மைக். அவ்வளவு பெரிய பேராசிரியரான நீங்கள் மேடையில் நின்று, விழுப்புரத்துப் பேச்சில், கரும்பு வெட்ட இடம்பெயர்ந்த ஒருவரைத் தேடி வெயிலில் காணை கிராமத்துக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்த ஆள் கேட்டாராம், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, எதுக்கும்மா இவ்ளோ தூரம் தேடிக்கினு வர்றீங்க?" நீங்கள் சொன்னீர்களாம், "ஒண்ணும் இல்லியான்னு கேட்டுக்கினு போகத்தான்." அரங்கம் சிரித்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்தது. தோழிகளின் போனில் நடிகர்கள் இருந்தார்கள், என் போனில் நீங்கள். உங்கள் கட்டுரைகளை எல்லாம் இறக்கினேன். முதல் வரியே புரியவில்லை. ஆட்ஸ் ரேஷியோ என்கிற புள்ளிவிவரக் கணக்கு என்ன என்று தெரிந்துகொள்ள யார் யாரோ வெளிநாட்டு வாத்தியார்களின் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உங்கள் பேரில் இணையத்தில் ஒரு ரசிகர் பக்கம்கூட ஆரம்பித்தேன். அதைப் பின்தொடர்ந்தது அக்காவும் ஒரு கோழிப் பண்ணையும்தான். பிறகு ஒருநாள், ஒரு கட்டுரையின் அட்டவணையில் 'கன்ட்ரோல்' என்று ஒரு வரிசை. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த, நோயில்லாதவர்கள். மேடம், அது நாங்கள்!

தங்கிலீஷில், கத்துகிற மாதிரி உங்களுக்கு ஒரு மெயில் அடித்தேன். "மேடம், உங்க டேபிள்ல எங்க ஃபேமிலி இருக்கு!" நீங்கள் அழகான தமிழில் பதில் போட்டீர்கள்: "யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் படிப்பதை விடாதீர்கள்." அன்று முழுக்க நெட் சென்டருக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே அப்பாவின் குரல் குறைந்துகொண்டே வந்தது. நான் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், எல்லோரும் கவனித்தோம். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் கைவிட்டால் ஒரு மல்லாட்டைத் தோல்கூட இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது அம்மா பாய்ந்தார். "டாக்டருங்களே நல்லாகுதுன்னு எழுதின ஆளுடி அவுரு! ஸ்டெல்லாவ பாக்க மாப்ள வூட்ல இருந்து வர்ற நேரத்துல பேஜாரு பண்ணாத." அப்பாவும் அதையேதான் சொன்னார், மெதுவாக. "ஒண்ணுமில்ல பாப்பா. நம்ம வூட்டுக்கெல்லாம் அது வராது."

நீங்கள் கொடுத்த பட்டம் எங்கள் அப்பாவைப் பூட்டி வைத்திருந்தது, மேடம். உங்களுக்கு அது தெரியாது.

நான் உங்களிடம் அப்பாவைப் பற்றி எழுதவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டேன்: கன்ட்ரோலில் இருக்கும் ஒருவருக்கே நோய் வந்துவிட்டால் ஆய்வு கெட்டுப்போகுமா? பதில் உடனே வந்தது. "வந்தால் கெடாது. மறைத்தால்தான் கெடும்." அடுத்த வரியில், "பார்க்க வேண்டியவர் யாராவது இருந்தால் நான் வரும்வரை காத்திருக்காதீர்கள்." அதைப் படித்துவிட்டு மறுபடியும் அம்மாவிடம் சண்டை போட்டேன். தோற்றேன்.

அடுத்த வாரம் நீங்களே வந்து வாசலில் நின்றீர்கள்.

வழக்கமாக வருவது உங்கள் களப்பணியாளர் செல்வம் அண்ணன். அன்று அவர் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார், நீங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தீர்கள். ஒரு செல்ஃபி எடுக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் கனவு கண்டவள் நான். போனை எடுக்கவே மறந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவே வந்து நின்றார். "எல்லாரும் நல்லா இருக்கறோம் டாக்டரம்மா. எப்பவும் போல எழுதிக்கோங்க."

"அவரு தூங்கறாரா?"

"நல்லா தூங்கறாரு."

"சாப்பாடு?"

"கேப்பைக் களி கிண்டினா ரெண்டு உருண்ட உள்ள போவுது."

"சரிங்கம்மா. ஆனா அவருக்கும் வாய் இருக்கே, அவரையே கேட்டுக்கறேன்."

அப்பா சுவரைப் பார்த்தபடி, "அவ சொன்னதுதாங்க," என்றார். நீங்கள் விடாமல் எல்லாக் கேள்வியையும் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் "இல்லீங்க". ஃபைலை மூடினீர்கள். அவ்வளவுதான், இந்த வருடமும் நாங்கள் நல்லா இருக்கிற வீடு.

அப்போது நீங்கள், "குடிக்கத் தண்ணி குடுக்கறீங்களா?" என்றீர்கள்.

அந்த வரி எனக்குத் தெரியும். மாணவர்களுக்கு நீங்கள் எடுத்த ஒரு வகுப்பில் இது வரும்: "கேள்வி முடிஞ்ச உடனே எழுந்துடாதீங்க. தண்ணி கேளுங்க. மெதுவா குடிங்க." ஏன் என்று அதில் சொல்லவில்லை. அன்று பார்த்தேன். டம்ளர் பாதி காலியாவதற்குள் அப்பா வாயைத் திறந்தார்.

"ஒண்ணு கேக்கலாங்களா? எங்க வூட்ல யாருக்காச்சும் ஏதாச்சும் வந்துச்சின்னா... எங்க பேர எடுத்துடுவீங்களா?"

"இன்னா கேள்வி இது?" என்றார் அம்மா.

நீங்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. "எடுக்க மாட்டேங்க. இருபது வருஷத்துக்கு மேலா உங்க கதவ எதுக்குத் தட்டிக்கினு இருக்கோம்? நல்லா இருக்கீங்கன்னு எழுதறதுக்கு இல்ல. எப்படி இருக்கீங்கன்னு கேக்கறதுக்கு."

பிறகு எங்களை வெளியே போகச் சொன்னீர்கள். தெருவில் நின்று அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். "போச்சுடி. ஸ்டெல்லாவ பாக்க வர்றவங்க இன்னா சொல்லுவாங்க?"

"கல்யாணத்துல அப்பா இருக்கணுமா, வேணாமாம்மா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது. அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அந்தக் கையாலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே நடந்ததை அப்பா ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். "செத்துப்போயிடலாம்னு தோணுதான்னு அந்தம்மா நேராவே கேட்டுச்சி பாப்பா. இன்னிக்கு மழ வருமான்னு கேக்கற மாதிரி. எனக்குப் பொய் சொல்ல வரல."

கதவு திறந்தபோது நீங்கள் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதுவரை அவரைத் தனியாக விடக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னீர்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் அம்மா புடவை மாற்றப் போனார்.

கிளம்பும்போது பையிலிருந்து சோப்பை எடுத்து நீட்டினீர்கள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாங்க. இந்த வாட்டி நாங்க பாஸ் ஆவல."

நீங்கள் சோப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். பிறகு புரிந்தது. அத்தனை வருடங்களாக அது எங்கள் வீட்டில் என்னவாக இருந்தது என்று உங்களுக்குப் புரிந்ததை உங்கள் முகத்தில் நான் பார்த்தேன்.

"இது பாஸ் ஆனதுக்குக் குடுக்கறது இல்லங்க. பதில் சொன்னதுக்கு. வாங்கிக்கோங்க."

மருந்து வேலை செய்ய நாளானது. நடுவில் மோசமான வாரங்களும் இருந்தன. முண்டியம்பாக்கம் போகிற பஸ்ஸில் அவர் தலை என் தோளில் சாய்ந்திருக்கும். பிறகு ஒரு காலை, குளியலறையிலிருந்து சந்தன வாசனை வந்தது. அம்மா கத்தினார், "ஐயோ, டாக்டரம்மா சோப்ப எடுத்துக் குளிக்கறாரே இந்த ஆளு!" உள்ளேயிருந்து பதில் வந்தது, மண்டிக் குரலில். "சோப்பு குளிக்கறதுக்குத்தான்டீ!" நானும் அக்காவும் அடுப்படியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அக்கா கல்யாணத்தில் அப்பாதான் அவள் கைப்பிடித்து மாதா கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாம் தெரியும், அப்பாவே சொன்னார்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்கப் பயந்தேன். என் மெயிலைப் பார்த்துத்தான் வந்தீர்களா? ஒரு வீட்டைத் தனியாகக் கவனிப்பது உங்கள் முறைப்படி தப்பு. மெயில் எழுதியது யார் என்று தெரிந்தாலும் தெரியாத மாதிரி நடக்க வேண்டியவர் நீங்கள். எனக்காக விதியை மீறினீர்களோ என்று நினைக்கும்போது பெருமையாகவும் இருக்கும், உறுத்தவும் செய்யும்.

உங்களுக்கு நடந்த நினைவுக் கூட்டத்தில் செல்வம் அண்ணனைப் பார்த்தேன். நான் பின்னால் நிற்பது தெரியாமல், நீங்களே எங்கள் வீட்டுக்கு வந்த வருடத்தைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "அந்த வருஷம் இன்னா ஆச்சோ தெரில. எல்லா கன்ட்ரோல் வூட்டுக்கும் நானே வர்றேன்னு ஜல்தியா கெளம்பிட்டாங்க. முட்டி வலி வேற. பெருமுக்கல், காணைன்னு ஒரு வூடு விடல. பைக்ல உக்கார வச்சிக்கினு சுத்துனேன்." ஏன் என்று அவர் கேட்டதற்கு, "ஒரு வீட்ல மறைச்சா இன்னொரு வீட்லயும் மறைப்பாங்க செல்வம்," என்றீர்களாம்.

விதியை நீங்கள் மீறவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதற்காக எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறீர்கள். மேடைப் பேச்சுகள், கட்டுரைகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்த நான், உங்கள் பெரிய வேலையை அந்த அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது நானும் ஓர் ஆய்வில் களப்பணிக்குப் போகிறேன். ஃபைலுக்குப் பதில் டேப்லெட். நேற்று காணையில் ஒரு வீடு. வாசலிலேயே நின்றுகொண்டு, "நாங்க எல்லாரும் நல்லா இருக்கறோம்மா," என்றார் அந்தப் பெண். உள்ளே யாரோ இருமினார்கள். எல்லாக் கேள்வியையும் கேட்டேன், எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். டேப்லெட்டை மூடிப் பையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன்.

சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்சம் தயங்கி, என் எதிரே உட்கார்ந்தார். நான் அவசரப்படவில்லை, மேடம். மெதுவாகத்தான் குடித்தேன்.