ஸெலிக் சிரிக்காத சனிக்கிழமை

ஸ்டாம்ஃபர்ட் ஹில், லண்டன்
10.07.1983

அன்பு மகள் சிவகௌரிக்கு,

அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நீயும் மருமகன் பாலேந்திராவும் அப்படியே இருக்க வேண்டுமென்று இந்தமுறை பழக்கத்துக்கு எழுதாமல் உண்மையாகவே வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே கடும் வெயில், அம்மா ஜன்னலை விட்டு எழும்புகிறா இல்லை.

கீழ்வீட்டு ஸெலிக்கைப் பற்றி முன்பும் எழுதினேன், வில்னா என்ற ஊரிலிருந்து இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னமே வந்த யூதர், வீட்டு மொழி யிடிஷ். எந்தப் பகிடியையும் முதலில் யிடிஷில் தனக்குத்தானே சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் எனக்கு இங்கிலிஷில் சொல்லுவார், பாதி ருசி போய்விட்டது என்று அதற்கும் ஒரு சிரிப்பு. வாடகையைக் கூட்டிய வீட்டுக்காரனுக்கு நல்ல கலியாண விருந்து கிடைக்கட்டும், அன்றைக்கென்று டாக்டர் கஞ்சி மட்டும் குடிக்கச் சொல்லட்டும் என்று அவர் திட்டியதை அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறா. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், லைட், போன் ஒன்றும் தொடமாட்டார், எங்களைச் செய்யச் சொல்லி நேரே கேட்கவும் மாட்டார். பாவம் இந்த பல்பு, இதற்கு மட்டும் ஓய்வில்லை என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார், நான் போய் நிற்பாட்டிவிடுவேன்.

நேற்று அப்படிப் போனபோது உன் கடிதத்தையும் கொண்டுபோனேன். தெஹிவளையில் உங்கள் ஒழுங்கையில் ஆட்கள் வந்து எது தமிழ் வீடு என்று விசாரித்துப் போனார்கள், கலியாணத்துக்குச் சொல்லத்தான் போலும், நல்ல சேலையாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, வாசித்தபோது நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஸெலிக்கும் சிரிப்பார் என்று நினைத்து அதை இங்கிலிஷில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னார். பக்கத்து வீட்டார் இப்போதும் முகம் பார்த்துக் கதைக்கிறார்களா என்று கேட்டார். என் தம்பியும் வில்னாவிலிருந்து இப்படித்தான் எழுதுவான், கடைசியாக வந்த கடிதத்தில்தான் ஆகத் திறமான பகிடி என்றார். பிறகு எழும்பிப் போய்த் தன் கையாலேயே போனை எடுத்து என்னிடம் நீட்டி, உன் மகளைக் கூப்பிடு என்று நேரே சொன்னார். இன்றைக்குச் சனிக்கிழமையல்லவா என்றேன். ஓர் உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் இந்த நாளை மீறலாம், மீறத்தான் வேண்டும் என்றார். எவ்வளவு நேரம் முயன்றும் கொழும்பு லைன் கிடைக்கவில்லை.

பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகஸ்டில் மருமகனுக்குப் பதவி உயர்வு வரப்போவது தெரியும், அது பிறகும் வரும். வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்தேவி ரயிலில் ஏறி ஊருக்கு, சுண்டிக்குளிப் பெரியம்மாவிடம் போங்கள். பாஸ்போர்ட்டும் தாலியும் கையோடு இருக்கட்டும், தளபாடங்களைப் பார்த்து மினக்கெடாதே.

எங்கள் ஆசீர்வாதம் உங்கள் இருவருக்கும் எந்நேரமும் உண்டு. இதற்குப் பதிலாகப் பகிடி ஒன்றும் எழுதாதே மகள். வெளிக்கிட்டோம் என்று ஒரு சொல் தந்தியில் அடி, போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தில்லையம்பலம்