மீன் பெட்டிக்குள் போன குழாய்

லாங் ஐலண்ட், அந்தமான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹரிணி அப்பாவுக்கு,

நீலாவதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பட்டறையும் நலம். உங்கள் நலத்தைப் போனில் கேட்கலாம் என்றால், மணி அடித்து ஓய்கிறதே தவிர எடுக்கிற ஆள் இல்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும். கந்தன் அண்ணன் இந்தக் கப்பலில் மெயின்லேண்ட் வருகிறார். கடலூருக்கே வந்து உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். டீயாவது வாங்கிக் கொடுங்கள்.

ஹரிணி போர்ட் பிளேரில் உங்கள் தங்கை வீட்டிலிருந்து ஒழுங்காகப் படிக்கிறாள். அவர்கள் இருக்கிற டெய்ரி ஃபார்ம் பகுதியில் தண்ணீர்தான் நினைத்தால் வருகிறதாம், மற்றபடி குறையில்லை. அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷ டிங்கிப் படகுப் பந்தயத்தில் நம் பட்டறை இன்ஜின் ஓடியது. பதறாமல் முழுசாகப் படியுங்கள்.

போன வருஷம் நீங்கள் இன்ஜினுக்கு வேகம் கூட்ட சிலிண்டர் ஹெட்டைச் சீவி வைத்ததை, பந்தயம் நடத்துகிற சிவப்பிரகாசம் சார் அளந்து கண்டுபிடித்து, படகுத்துறை ஜெட்டியில் அத்தனை பேர் முன்னால் ‘சோர்’, திருடன் என்றார். நீங்கள் அடுத்த கப்பலில் ஏறிவிட்டீர்கள். திருடன் பட்டறை என்ற பெயரோடு இங்கேயே இருந்தவள் நான். ரிப்பேருக்கு வந்துகொண்டிருந்த படகெல்லாம் முனியாண்டி பட்டறைக்குப் போய்விட்டது. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிலிண்டரைக் குடையக் கூடாது, பிஸ்டனை மாற்றக் கூடாது என்றுதான் அப்போது ஜெட்டியில் பந்தய விதி எழுதிய போர்டில் இருந்தது. ஹெட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால் சீவியது தப்பில்லை, சாமர்த்தியம். கேட்டபோது தொடவே இல்லை என்று சாதித்தீர்களே, அதுதான் தப்பு. உங்களைக் கவிழ்த்தது இன்ஜின் இல்லை, உங்கள் வாய்.

எனவே ஒரு முடிவோடு இறங்கினேன். போர்டில் இருப்பதைத் தொடுவதில்லை. இல்லாததை விடுவதில்லை. யார் கேட்டாலும் மறைப்பதில்லை.

காலையில் துள்ளுகிற இன்ஜின் மத்தியான வெயிலில் சோர்ந்து போகும், சூடான காற்றை உறிஞ்சினால் அதற்கு வலு குறையும் என்று நீங்கள்தானே ஓயாமல் சொல்வீர்கள்? பந்தயம் வைப்பதோ உச்சி வெயிலில். காற்றைப் பற்றி போர்டில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. ஆனால் நாலாவது விதி கண்ணில் பட்டது. கடலுக்குத் தொழிலுக்குப் போகிற மாதிரியே வலை, நங்கூரம், மீன் பெட்டி எல்லாம் படகில் இருக்க வேண்டும். எல்லாரும் பெட்டியைக் காலியாகத்தான் கொண்டுபோவார்கள். நான் அதில் பாதிக்கு ஐஸும் பேருக்கு இரண்டு மீனும் போட்டு, ஐஸ் நடுவே ஒரு அலுமினியக் குழாயை வளைத்து விட்டு, இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வாயில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

படகு ஓட்ட என் தம்பி மகேஷ்குமார். ஐஸ் வேறு, அக்கா வேறு, இத்தனை எடையை எந்த இன்ஜின் இழுக்கும் என்று கிண்டல் செய்தான். பந்தயத்துக்கு முன் ஓட்டிப் பார்த்த முதல் தரம் அவன் வாய்க்கு ஏற்ற மாதிரியே ஆயிற்று. ஐஸ் உருகின மீன் தண்ணீர் குழாயின் இணைப்பு வழியாக உள்ளே போய், இன்ஜின் நாலு தரம் இருமிவிட்டு நின்றது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். இன்ஜின் கருவாடு தின்றதா என்று ஜெட்டியில் சிரித்தார்கள். அப்புறம் இணைப்பில் சைக்கிள் ட்யூபை இறுக்கிச் சுற்றி, தண்ணீர் வடிந்து போகப் பெட்டியின் அடி அடைப்பானைப் பிடுங்கி விட்டேன். சரியாயிற்று.

பந்தயத்தன்று போகும்போது முனியாண்டியின் டிங்கிதான் முன்னால். மிதவையைச் சுற்றித் திரும்பியதும் மற்ற இன்ஜின்கள் இழுக்க முடியாமல் திணற ஆரம்பித்தன. நம்முடையது புறப்பட்ட சத்தத்திலேயே ஓடியது. ஒரு டிங்கி நீளத்தில் ஜெயித்தோம்.

சிவப்பிரகாசம் சார் இன்ஜினை முழுக்கப் பிரிக்கச் சொன்னார். நம் இன்ஜின் என்பதால் ஹெட்டை மட்டும் இரண்டு தரம் அளந்தார். எல்லாம் கம்பெனி அளவு. அப்போதுதான் முனியாண்டி குழாயைக் காட்டி, அது எங்கே போகிறது என்று கேளுங்கள் என்றார். யாரும் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. பெட்டி மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே மிச்ச ஐஸும் இரண்டு சூரை மீனும். “ஏ க்யா ஹை, என்ன இது நீலாவதிம்மா?” என்றார் சார். “இன்ஜினுக்குக் காத்து இது வழியாத்தான் போகுது சார். மீன் பெட்டி வேணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க, அதுல ஐஸ் போடாம பூவா போடுவாங்க?” என்றேன். வாய்தான் அப்படிப் பேசியது. இரண்டாம் தரம் அந்த ‘சோர்’ என்ற வார்த்தையைக் கேட்டால் பட்டறைக்குப் பூட்டுத்தான்.

அவர் போர்டை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு, “அரே, இதுல இல்லியே!” என்று சிரித்துவிட்டார். கோப்பையைக் கொடுக்கும்போது என்னிடம் மெதுவாக, உங்க ஆளும் அன்னிக்கு இப்படித் திறந்து காட்டியிருந்தா என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்திருக்காது, வந்தார்னா சொல்லும்மா, நானே வீட்டுக்கு வந்து பேசறேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்த சந்தோஷம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாளே இரண்டு படகு ரிப்பேருக்கு வந்து நின்றது. அதில் ஒன்று முனியாண்டியின் மைத்துனருடையது.

போர்டிலும் புது விதி எழுதிவிட்டார்கள். போன வருஷம் உங்களால் வந்தது எட்டாவது விதி, ஹெட்டைச் சீவக் கூடாது. அதை உங்கள் பெயரை வைத்துப் பழனிசாமி ரூல் என்றுதான் இங்கே சொல்கிறார்கள். இப்போது ஒன்பதாவது, காற்றுக் குழாய் மீன் பெட்டிக்குள் போகக் கூடாது. அது நீலாவதி ரூலாம். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஜெட்டிக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். போர்டில் நாம் இரண்டு பேரும் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

பத்தாவது விதியை எழுத வைக்க ஒரு யோசனை இருக்கிறது. போர்டை நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டேன், தடையில்லை. ஆனால் அந்த வேலைக்கு இரண்டு ஜோடிக் கை வேண்டும். கந்தன் அண்ணன் திரும்புகிற கப்பலில் உங்களுக்கும் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் அமைதியாக இருக்கட்டும்.

உங்கள்,
நீலாவதி