நடக்காத ஒன்பதாயிரம் காலடி

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்தே மழை. கிள்ளானில் எங்கள் லோரோங் சந்து முழுக்கத் தண்ணீர். நடைப்பயிற்சி வீட்டுக்குள்ளேயே, ஹாலுக்கும் சமையலறைக்கும் இருபது முறை. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பத்து வாரம். மருத்துவமனை கொடுத்த கடிகாரம் கையில். நாடி, காலடி எல்லாம் எண்ணி அவர்களுக்கே அனுப்பிவிடும். நாடி 120-ஐத் தாண்டக்கூடாது.

மனைவி சரோஜா பாசாருக்குப் போனதும் உருமியை எடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். முக்கால் மணி நேரம். அடுத்த வாரம் வெள்ளி கோயில் திருவிழா. இருபத்தாறு வருஷமாக உருமிக் குழுவில் முன்வரிசை. இந்த வருஷமும் விடுவதாக இல்லை.

மார்ச் 5, வியாழன்

மருத்துவமனையில் பிசியோ திவ்யா கணினியைக் காட்டினார்.

"அங்கிள், செவ்வாய்க்கிழமை ஒன்பதாயிரம் ஸ்டெப்ஸ். நாடி 168. எங்க ஓடினீங்க?"

"ஓடல லா. உட்கார்ந்துதான் இருந்தேன்."

பக்கத்தில் மனைவி. உருமியைச் சொல்லியே ஆகவேண்டியதாயிற்று.

"நான் வீட்ட விட்டு நகரக் கூடாது, அப்படித்தானே?" என்றாள் சரோஜா.

குச்சி வீச்சைக் கடிகாரம் ஓட்டமென்று எண்ணிவிட்டதாம். கை அப்படி ஆடினால் நாடிக் கணக்கும் தப்புமாம். திங்கள் உருமியோடு வரச் சொன்னார் திவ்யா. மார்பில் நாடி அளக்கும் பட்டை கட்டிப் பார்ப்பார். அதுவரை உருமி வாசிக்கக்கூடாது.

எனக்கு என் மேலேயே எரிச்சல்.

மார்ச் 7, சனி

வெயில். மூச்சுப் பயிற்சி இரு வேளை. தே தாரேக் டீ கட். உருமித் தோல் துடைத்தாயிற்று. சரோஜாவிடம் மன்னிப்பு - இன்னும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக் கடையில் எனக்குப் பின் மேசையில் உருமிக் குழுப் பையன்கள். "அண்ணன் அவ்ளோதான்டா. வேற ஆள் பாக்கணும்."

ரொட்டி சானாயை முழுசாகத் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன். பார்க்கலாம்.

மார்ச் 9, திங்கள்

பட்டை ஈரம், இறுக்கம். நின்றபடி பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். நாடி எண் காட்டும் போனைத் திவ்யா சரோஜாவிடம் கொடுத்தார்.

"தொண்ணூத்தாறு... நூத்தி நாலு... நூத்தி பன்னெண்டு."

ஏழாம் நிமிடம் தாளம் பிடித்துக்கொண்டது. பயிற்சிக்கு வந்திருந்த நோயாளிகள் தலையாட்டினார்கள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

"நூத்தி பத்தொம்போது. நூத்தி இருபத்தொண்ணு." என்றாள் சரோஜா.

நிறுத்தினேன். யாரும் சொல்லவில்லை. பாதித் தாளத்தில் நான் குச்சியை இறக்கி அவள் பார்த்ததே இல்லை.

"ஆறு நிமிஷம் வாசிங்க, உட்காருங்க, மறுபடி வாசிங்க. அப்படின்னா திருவிழாவுக்குப் போகலாம்," என்றார் திவ்யா.

சரோஜா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"பட்டையக் கட்டிக்கிட்டு வாசிங்க. ஊர்வலத்துல நான் முன்னால நடப்பேன், இதப் பாத்துக்கிட்டே. நான் கையத் தூக்குனா நிறுத்தணும்."